வீட்டு கேரேஜுக்கு ஆங்கிள் கிரைண்டர்: எந்த சுவிட்ச், எந்த மூடி, எந்த டிஸ்க்

ஆங்கிள் கிரைண்டர் என்பது வேகமாகச் சுழலும் டிஸ்க்கால் இரும்பை அறுக்கிற, தேய்க்கிற கை மெஷின். அதற்கு விமர்சனம் என்று தேடினால் எத்தனை வாட்ஸ், எத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), இரும்புக் குழாயை எத்தனை விநாடியில் அறுத்தது என்பதைத்தான் எல்லோரும் எழுதியிருப்பார்கள். அறுப்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. 700 வாட்டுக்கு மேல் உள்ள எந்த மெஷினும், நல்ல டிஸ்க் போட்டால், வீட்டு வேலைக்கு வருகிற எல் வடிவ ஆங்கிள் இரும்பையும் பைப்பையும் போல்ட்டையும் அறுத்துத் தள்ளிவிடும். டிஸ்க் சிக்கினால் மெஷின் என்ன செய்யும், கையிலிருந்து நழுவினால் நிற்குமா, போன கரண்ட் திரும்பி வந்தால் தானாக ஓடத் தொடங்குமா, டிஸ்க் உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் போகும் என்பதில்தான் மெஷினுக்கு மெஷின் வித்தியாசம். வாங்கும்போது பார்க்க வேண்டியதும் அதுதான் என்பதால், இங்கே அதை வைத்தே மதிப்பிட்டிருக்கிறோம்.

எடுத்துக்கொண்டது மூன்று வகை. ஒன்று, எங்கும் கிடைக்கிற, விலை குறைந்த 100 மி.மீ. மெஷின், அதாவது 4 இன்ச், ஸ்லைடு சுவிட்ச் வைத்தது. இரண்டாவது, 125 மி.மீ. மெஷின், பேடில் சுவிட்சும் பிரேக்கும் உள்ளது. மூன்றாவது, 18 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. கம்பெனி பெயர் சொல்லவில்லை. ஒரே கம்பெனியே மூன்றையும் விற்கிறது. பெயர் பலகையைவிட சுவிட்ச் வகைதான் இங்கே முக்கியம்.

முதலில் ஒரு கணக்கு. 100 மி.மீ. டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்கு 57 மீட்டருக்கும் சற்று அதிகமான வேகத்தில் போகிறது. மணிக்கு 207 கிலோமீட்டர். உடைந்து பெயரும் துண்டு கிளம்புவதும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான். கீழே வரும் எல்லாவற்றையும் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சுவிட்ச்

ஸ்லைடு சுவிட்சைக் கட்டை விரலால் முன்னே தள்ளி, முன்பக்கத்தை அழுத்தினால் அது பூட்டிக்கொள்ளும். நீண்ட நேரம் தேய்க்கிறவருக்கு விரல் வலிக்காது. இந்த வகைக்கு உள்ள ஒரே நன்மை அது. கை நழுவி மெஷின் கீழே விழுந்தால் டிஸ்க் சுழன்றபடியே தரையில் உருளும். அதைவிட மோசமான இன்னொன்று உண்டு. வேலை நடுவில் கரண்ட் போகிறது, மெஷினை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போகிறோம். சுவிட்ச் இன்னும் ஆன் நிலையில் இருக்கிறது. கரண்ட் வந்ததும், அல்லது யாரோ பிளக்கைச் செருகியதும், ஆளில்லாத மெஷின் மேசையிலிருந்து துள்ளிக் குதிக்கும். இதைத் தடுக்கும் சின்ன எலக்ட்ரானிக் ஏற்பாடு இப்போது நடுத்தர விலை மெஷின்களிலேயே வந்துவிட்டது: சுவிட்சை ஒருமுறை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால்தான் ஓடும். கடையில் சோதிப்பது சுலபம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு சுவிட்சை ஆனில் பூட்டுங்கள், மெஷினை இறுகப் பிடித்துக்கொண்டு பிளக்கைச் செருகச் சொல்லுங்கள். ஓடினால் அந்த வசதி இல்லை. இந்தச் சோதனையை டிஸ்க் மாட்டாமல் செய்யுங்கள்.

ஸ்லைடு வகையில் இன்னொரு குறை நாளாகத்தான் தெரியும். இரும்புத் தூள் சுவிட்சின் பாதையில் புகுந்து அடைத்துக்கொண்டால், பின்பக்கம் அழுத்தினாலும் சுவிட்ச் திரும்பி வராது. மாதம் ஒருமுறையாவது காற்றடித்துச் சுத்தம் செய்யாத மெஷினில் இது நடக்கும்.

பேடில் சுவிட்ச் உடம்பின் அடிப்பக்கத்தில் நீளமாக இருக்கும். முழுக் கையால் இறுகப் பிடித்தால்தான் ஓடும், பிடியைத் தளர்த்தினால் அணையும். கை நழுவுகிற அந்தக் கணத்திலேயே மோட்டாருக்குப் போகிற மின்சாரம் நின்றுவிடுகிறது என்பதால், மூன்று வகையில் வீட்டுக்கு ஏற்றது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். பிடித்துப் பிடித்துக் கை வலிக்கிறது என்று பேடிலை டேப் போட்டோ கேபிள் டை போட்டோ கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கட்டுவதானால் அதிகம் கொடுத்து இந்த மெஷினை வாங்கியிருக்கவே வேண்டாம். சில பேடில் மாடல்களில் ஆனிலேயே பூட்டும் பொத்தானும் சேர்த்து வைத்திருப்பார்கள். அது இல்லாத மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

பிரேக் என்பது விளம்பர வசதி போலத் தோன்றும். அப்படி இல்லை. சாதாரண மெஷினில் சுவிட்சை அணைத்த பிறகும் டிஸ்க் பல விநாடிகள் சுழன்றுகொண்டிருக்கும். காயங்களில் பல அந்த விநாடிகளில்தான் நடக்கின்றன. அறுத்து முடித்த நிம்மதியில் மெஷினைக் கீழே வைக்கிறோம். விளிம்பு சிமென்ட் தரையைப் பற்றிக்கொண்டு மெஷினை இழுத்துக்கொண்டு காலை நோக்கி ஓடுகிறது. அல்லது தொங்குகிற சட்டை நுனியைச் சுருட்டிக்கொள்கிறது. அல்லது தன் ஒயரையே வெட்டுகிறது. பிரேக் உள்ளது இரண்டு விநாடிக்குள் நின்றுவிடும். அதில் ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: திடீரென்று நிற்கும்போது டிஸ்க்கை இறுக்கும் நட் கழன்று வரப் பார்க்கும். அதனால் பிரேக் மெஷினோடு வந்த ஃபிளேஞ்சையும் (டிஸ்க்கை உள்பக்கம் தாங்கும் உலோக வட்டு) நட்டையும் தவிர வேறு எதையும் போடக் கூடாது.

மூடி

பெட்டியைத் திறந்ததும் பலரும் ஓரமாக எடுத்து வைத்துவிடுகிற பாகம் இது. டிஸ்க்கைச் சுற்றிப் பாதி வட்டமாக வருகிற இரும்பு மூடி. இதில் இரண்டு வகை இருப்பதே பலருக்குத் தெரியாது. தேய்ப்பதற்கான மூடி ஒருபக்கம் மட்டும் மூடியது. வேலை செய்கிற முகம் திறந்திருக்கும். அறுப்பதற்கான மூடி டிஸ்க்கின் இரண்டு முகத்தையும் மூடும். மெல்லிய கட்டிங் டிஸ்க் நொறுங்கினால் துண்டுகள் விளிம்பின் திசையில் மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் சிதறும். அதனால்தான் அறுக்கும்போது இரண்டு பக்கமும் மூடியிருக்க வேண்டும். விலை குறைந்த மெஷின்களின் பெட்டியில் பெரும்பாலும் தேய்க்கும் மூடி மட்டும்தான் இருக்கும், அறுக்கும் மூடியைத் தனியாக வாங்க வேண்டும். வீட்டில் இந்த மெஷினை வாங்குகிறவர் பெரும்பாலும் அறுக்கத்தான் வாங்குகிறார். அவருக்கு வேண்டியதைப் பெட்டியில் வைக்காமல் விற்பதைப் பெரிய குறையாகவே எழுதுகிறோம்.

மூடியைத் திருப்பி வைக்கும் முறையையும் கடையிலேயே பாருங்கள். சிலவற்றில் ஸ்க்ரூவைத் தளர்த்தி, திருப்பி, மறுபடி முறுக்க வேண்டும். சிலவற்றில் ஒரு நெம்பு. அழுத்தித் திருப்பினால் அடுத்த பல்லில் உட்காரும். ஸ்க்ரூ வைத்ததை யாரும் திருப்புவதில்லை. இரண்டு தடவை இடைஞ்சலாக இருந்தால் மூன்றாவது தடவை மூடியையே கழற்றிவிடுகிறார்கள். நெம்பு உள்ள மாடலுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பது வீண் போகாது. மூடியின் மூடிய பாகம் எப்போதும் உங்கள் உடம்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் இருக்க வேண்டும். மெஷினைப் படுக்கையாகப் பிடித்ததிலிருந்து நிமிர்த்திப் பிடித்தால் மூடியையும் திருப்ப வேண்டும்.

மூடியைக் கழற்றுவதற்கு இன்னொரு பெரிய காரணம் பெரிய டிஸ்க். சின்ன மெஷினில் 180 மி.மீ. டிஸ்க்கை மாட்டினால் ஆழமாக அறுக்கலாம் என்று ஆசை. மூடி இருந்தால் அது உள்ளே போகாது. கழற்றியதும் மாட்டிக்கொள்கிறது. இப்போது கணக்குப் போடுங்கள்: 180 மி.மீ. விட்டம், 11,000 சுற்று, விளிம்பு வேகம் விநாடிக்கு 103 மீட்டர். கையால் பிடித்து ஓட்டும் கட்டிங் டிஸ்க்குக்கு வழக்கமான உச்ச வரம்பு விநாடிக்கு 80 மீட்டர். டிஸ்க்கின் மேலேயே சுமார் 8,500 ஆர்.பி.எம். என்று அச்சடித்திருப்பார்கள். தவிர, பெரிய டிஸ்க்கின் நடுத்துளை 22.23 மி.மீ.; 100 மி.மீ. மெஷினுக்கான துளை 16 மி.மீ. நடுவில் சரியாக உட்காராமல் ஆட்டத்தோடு, வரம்பை மீறிய வேகத்தில், மூடியும் இல்லாமல் ஓடுகிறது. உடையாமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுவதும் இதே ரகம். இந்த மெஷினில் ஆழத்தைக் கட்டுப்படுத்த அடித்தட்டு கிடையாது, இரண்டு கையாலும் தாங்குவதற்கு வசதியான உடம்பும் கிடையாது. பல் மரத்தைக் கவ்விய நொடியில் மெஷின் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். செயின் பல் வைத்த டிஸ்க் என்று விற்பதைத் தொடவே வேண்டாம். மரத்துக்கு வட்ட ரம்பமோ ஜிக்சாவோ இருக்கிறது.

மூடி இடிக்கிற மூலையில் என்ன செய்வது? ஹாக்சா பிளேடை ஒரு நுனியில் துணி சுற்றிப் பிடித்து அறுங்கள். அடிக்கடி அப்படி வேலை வந்தால் அதிர்வில் அறுக்கும் மல்டி டூலோ, முன்னும் பின்னும் போகிற ரம்பமோ வாங்குங்கள்.

டிஸ்க்

மெஷினை ஆராய்ந்து வாங்குகிறவர் டிஸ்க்கைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார். டிஸ்க்கின் காகிதத்தில் ‘ஏ 60 டி பிஎஃப்’ என்பது போல ஒரு வரி இருக்கும். ‘ஏ’ என்றால் அலுமினியம் ஆக்சைடு, இரும்புக்கு. அந்த இடத்தில் ‘சி’ இருந்தால் சிலிக்கான் கார்பைடு, கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும். 60 என்பது தேய்க்கும் துகளின் அளவு. அடுத்த எழுத்து டிஸ்க்கின் கடினத்தன்மை. ‘பி’ என்றால் துகள்களை ஒட்டிப் பிடித்திருப்பது ரெசின் பசை, ‘எஃப்’ உள்ளே நார் வலை உண்டு என்பதன் அடையாளம். ‘எஃப்’ இல்லாத கட்டிங் டிஸ்க்கைக் கை மெஷினில் போடக் கூடாது. பிறகு ஆர்.பி.எம்.: 80 மீட்டர் வரம்பில் 100 மி.மீ. டிஸ்க்குக்கு 15,200 சொச்சம், 125 மி.மீ.க்கு 12,200 சொச்சம். இந்த எண் மெஷினின் எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைப் பாருங்கள். மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அது காலாவதி தேதி; ரெசின் டிஸ்க்குக்குத் தயாரித்ததிலிருந்து மூன்று ஆண்டுதான் ஆயுள். ரெசின் ஈரத்தை இழுக்கும், இழுத்தால் பிடிப்பு தளரும். கேரேஜ் தரையில், ஈரச் சுவரோரம் கிடந்த டிஸ்க் தேதிக்குள்ளேயே கெட்டிருக்கலாம். உலர்ந்த இடத்தில், தட்டையாக, மேலே கனம் வைக்காமல் அடுக்குங்கள். கீழே விழுந்ததைக் குப்பையில் போடுங்கள். சாணைக்கல்லைத் தட்டி ஓசை கேட்டு விரிசல் கண்டுபிடிக்கிற பழைய முறை இதற்கு உதவாது. அது சுட்ட களிமண் பிடிப்புள்ள கல்லுக்குத்தான். ரெசின் டிஸ்க் நன்றாக இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

1 அல்லது 1.2 மி.மீ. கனமுள்ள கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டில் தேய்ப்பதுதான் வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. அறுத்து முடித்ததும் பிசிறு நிற்கும். டிஸ்க்கை மாற்றச் சோம்பல். அப்படியே சாய்த்து ஒரு இழுப்பு. பக்கவாட்டு விசையைத் தாங்க அந்த டிஸ்க்கில் எதுவுமே இல்லை. மேல் பூச்சு தேய்ந்து நார் வலை வெளியே தெரியத் தொடங்கும், அடுத்த முறை அறுக்கும்போது அந்த இடத்தில் பிளக்கும். பிசிறுக்கு 6 மி.மீ. கிரைண்டிங் டிஸ்க், 15 முதல் 30 டிகிரி சாய்வில். இன்னும் நயமாக வேண்டுமானால் உப்புத்தாள் மடல்களை அடுக்கிய ஃபிளாப் டிஸ்க். சிலர் சின்ன மெஷின் இரண்டு வாங்கி ஒன்றில் கட்டிங், ஒன்றில் ஃபிளாப் என்று மாட்டியே வைத்திருப்பார்கள். ஆடம்பரம் போலத் தெரியும், ஆனால் சோம்பலுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

மாட்டும் விதம். பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரியானால் கழற்றுங்கள். உள் ஃபிளேஞ்சின் முகத்தைத் துடையுங்கள்; ஒரு சின்ன இரும்புத் துணுக்கு அங்கே இருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்காரும். டிஸ்க் துளை ஃபிளேஞ்சின் மேட்டில் ஆட்டமில்லாமல் பொருந்த வேண்டும். அடுத்து நட். அதற்கு இரண்டு முகம்: ஒன்று தட்டை, மற்றதில் சின்ன மேடு. கனமான கிரைண்டிங் டிஸ்க்குக்கு மேட்டுப் பக்கம் உள்நோக்கி. மெல்லிய கட்டிங் டிஸ்க்குக்குத் தட்டைப் பக்கம் உள்நோக்கி. மெல்லிய டிஸ்க்கில் மாற்றிப் போட்டால், நட் இறுகிவிட்டது போலக் கையில் தெரியும். உண்மையில் மேடு உள் ஃபிளேஞ்சில் முட்டி நின்றிருக்கும், டிஸ்க் நடுவில் தளர்வாகத் தொங்கும். முறுக்கி முடித்ததும் டிஸ்க்கை விரலால் திருகிப் பாருங்கள். தண்டைவிட்டுத் தனியாக நகர்ந்தால் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். ஸ்பேனரால் பேய் முறுக்கு வேண்டாம், ஓடும்போது தானே இறுகும். பிறகு யாரும் இல்லாத பக்கம் நோக்கி, டிஸ்க்கின் நேர்க்கோட்டில் நிற்காமல், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். உடைகிற டிஸ்க் பெரும்பாலும் அப்போதே உடைந்துவிடும். தண்டைப் பூட்டும் பொத்தானை டிஸ்க் சுழலும்போது தொடாதீர்கள்.

டிஸ்க் சிக்கும் கணம்

ஒரு 25 மி.மீ. சதுரக் குழாயை இரண்டு ஸ்டூல் மேல் பாலம் போல வைத்து நடுவில் அறுப்பதாக வைத்துக்கொள்வோம். மேல் சுவர் அறுபட்டது, பக்கச் சுவர்கள் பாதி அறுபட்டன. இதுவரை சுகம். இப்போது மீதி இருக்கிற கீழ்ச் சுவரால் குழாயின் எடையைத் தாங்க முடியவில்லை; நடுப்பகுதி அரை மி.மீ. கீழே தொய்கிறது. தொய்ந்ததும் வெட்டின் இரண்டு மேல் உதடுகளும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து 1 மி.மீ. டிஸ்க்கைப் பிடித்துக்கொள்கின்றன. டிஸ்க் நின்றுவிட்டது, மோட்டார் நிற்கவில்லை. அந்த விசை முழுவதும் மெஷினின் உடம்புக்கு வந்து, சிக்கிய இடத்தில் டிஸ்க் சுழன்ற திசைக்கு நேர் எதிராக மெஷினை எறிகிறது. கை எதிர்வினை செய்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். இங்கே பலசாலி, பலவீனர் என்ற பேதமெல்லாம் இல்லை.

தீர்வு வெட்டுவதற்கு முன்பே இருக்கிறது. குழாயின் ஒரு பக்கத்தை வைஸில் அல்லது இரண்டு கிளாம்பில் இறுக்குங்கள். வெட்டும் கோடு கிளாம்புக்கு அருகில், அறுந்து விழும் துண்டு வெளியே தொங்கும்படி. துண்டு தன் எடையால் கீழே சாயும்போது வெட்டு திறக்கும், மூடாது. நீளமான துண்டென்றால் முழு ஆழமும் ஒரே வெட்டாகப் போகாமல், குழாயைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு சுவராக அறுங்கள். கியர் தலையில் பொறித்திருக்கும் அம்புக்குறியைப் பார்த்து, டிஸ்க் சுழல்வதற்கு எதிராக மெஷினைத் தள்ளுங்கள். அதனோடு சேர்ந்து தள்ளினால் டிஸ்க் வெட்டிலிருந்து ஏறி ஓடும். பாதி வெட்டில் நிறுத்தியிருந்தால், மறுபடி தொடங்கும்போது டிஸ்க்கை வெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஆன் செய்யக் கூடாது. வெளியே முழு வேகம் பிடித்த பிறகு மெதுவாக உள்ளே இறக்குங்கள்.

பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவதும், மற்றக் கையால் துண்டைப் பிடிப்பதும், செருப்புக் காலால் துண்டை மிதித்துக்கொள்வதும் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. செய்யாதீர்கள்.

டிஸ்க் சிக்கினால் மோட்டாரைத் துண்டிக்கும் எலக்ட்ரானிக் வசதி சில 125 மி.மீ. மாடல்களிலும் நல்ல பேட்டரி மாடல்களிலும் இருக்கிறது. வேகம் சட்டென்று விழுவதைக் கண்டு அணைக்கிறது. நல்ல வசதி, ஆனால் எறிதலின் முதல் பாதியை அது தடுப்பதில்லை, இரண்டாம் பாதியைத்தான் தடுக்கிறது. கிளாம்ப் இல்லாமல் அறுப்பதற்கு அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொறி போகும் இடம்

வெட்டும்போது பறக்கும் பொறி ஒவ்வொன்றும் எரிகிற இரும்புத் துகள். பல மீட்டர் தூரம் போகும், தரையில் பட்டு உருளும், மேசைக்கு அடியில் நுழையும். கேரேஜில் என்னென்ன இருக்கும்? மரத்தூள், அட்டைப் பெட்டி, எண்ணெய்த் துணி, பெயின்ட் தின்னர், புல்வெட்டும் மெஷினுக்கான பெட்ரோல் கேன். மரத்தூளில் விழுந்த பொறி உடனே தீயாக மாறாது. கண்ணுக்குத் தெரியாமல் கனன்று, ஆள் சாப்பிடப் போன பிறகு பற்றும். வெட்டுவதற்கு முன் பெருக்குங்கள். முடிந்த பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள். பொறி பறக்கிற வேலையை நாளின் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளாமல் இருந்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடி சரியாக இறுகாத கேனிலிருந்து இறங்கித் தரையோடு பரவி மூலைகளில் தேங்கும். பொறி உருளுவதும் அதே தரையில்தான். கேனை வெளியே கொண்டுபோய் வையுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் கார் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். அதன் அருகிலும் வெட்டக் கூடாது.

காலி டிரம்மை இரண்டாக அறுத்து அடுப்போ தொட்டியோ செய்யலாம் என்ற யோசனை அடிக்கடி கண்ணில் படும். காலி என்று நினைப்பதுதான் கோளாறு. பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றும். 200 லிட்டர் டிரம்முக்கு அது சுமார் 3 லிட்டர் ஆவி. தோராயமாக 15 மில்லி பெட்ரோல் ஆவியானால் போதும். தையல் மடிப்பிலும் அடி விளிம்பிலும் அவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கும். முழு டிரம்மைவிடக் காலி டிரம்தான் வெடிக்கும் என்பது அதனால்தான். முகர்ந்து பார்த்து முடிவு செய்வது, ஒருமுறை தண்ணீர் விட்டு அலசுவது எதுவும் போதாது. எரிபொருளோ தின்னரோ இருந்த டிரம், டேங்க் எதையும் வீட்டில் இந்த மெஷினால் அறுக்காதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், பணம் சம்பந்தப்பட்டது. பொறி கார் கண்ணாடியிலும் பளபளப்பான டைல்ஸிலும் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். துடைத்தால் போகாது, சில நாளில் ஒவ்வொன்றும் துருப் புள்ளியாகத் தெரியும். காரை வெளியே எடுத்துவிட்டு வெட்டுங்கள். 2 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று கேரேஜ் கதவோரம் இருக்கட்டும். உள் மூலையில் வைத்தால் தீயைத் தாண்டித்தான் அதை எடுக்கப் போக வேண்டியிருக்கும்.

மெஷினோடு சேர்த்து வாங்க வேண்டியவை

கண்ணாடியின் சட்டத்திலோ லென்ஸ் ஓரத்திலோ உள்ள எழுத்தைப் பாருங்கள். இஎன் 166 தரத்தில் ‘எஃப்’ என்றால் விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் சின்ன எஃகு குண்டைத் தாங்கும். ‘பி’ என்றால் 120 மீட்டர், ‘ஏ’ என்றால் 190 மீட்டர். டிஸ்க்கின் விளிம்பு வேகம் 57 மீட்டர் என்று மேலே பார்த்தோம். ‘எஃப்’ கண்ணாடி மட்டும் போதாது என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது. முகத்தை முழுதும் மறைக்கும் ஷீல்டு, அதற்கு உள்ளே பக்கம் மூடிய கண்ணாடி, இரண்டும் சேர்த்துப் போடுங்கள். ஷீல்டு மட்டும் போட்டால் துகள் அடியிலிருந்து ஏறி வரும். பார்வைக்குப் போடுகிற மூக்குக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. கம்பி பிரஷ் மாட்டுகிற நாளில் ஷீல்டு கட்டாயம். ஊசி போன்ற கம்பிகள் பிய்ந்து வந்து தோலிலேயே குத்தி நிற்கும்.

கண்ணில் துகள் விழுந்தால் கசக்காதீர்கள், சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். கழுவியும் உறுத்தினால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். இரும்புத் துகள் கருவிழியில் தங்கினால் சுற்றிலும் துரு வளையம் படியும், தாமதமாக ஆக எடுப்பது சிரமம். குத்தி நிற்கிற எதையும் பிடுங்காதீர்கள், கழுவவும் வேண்டாம். அழுத்தம் படாமல் ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கையுறை உடம்போடு ஒட்டிய தோல் கையுறையாக இருக்கட்டும். நூல் பிரிந்து தொங்கும் பின்னல் கையுறை, டிஸ்க் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். சட்டை பருத்தியில், கையை மூடியதாக. செயற்கை நூல் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சத்தம் 100 டெசிபெல் அளவுக்கு வரும். அந்த அளவில் காது தாங்குவது ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான், அதனால் காது மூடி வாங்குங்கள். தூசிக்கு எஃப்எஃப்பி2 மாஸ்க். கான்கிரீட், டைல்ஸ் அறுத்தால் வருவது சிலிக்கா தூசி. அதற்கு எஃப்எஃப்பி3 மாஸ்க்கோடு தூசி உறிஞ்சியும் வேண்டும். கால்வனைஸ் பூச்சை முதலில் தேய்த்து எடுக்காமல் வெல்டிங்குக்குப் போனால் துத்தநாகப் புகையால் அன்று இரவு காய்ச்சல் அடிக்கும்.

எதை வாங்கலாம்

பேட்டரி மெஷினில் ஒயர் இல்லை. ஒயரை வெட்டிக்கொள்கிற, ஒயர் தடுக்கி விழுகிற விபத்து இரண்டும் இல்லை. வண்டிக்கு அடியில், ஏணி அருகில் அதுதான் வசதி. ஆனால் பிளக்கைப் பிடுங்குகிற பழக்கம் உள்ளவர்களும் பேட்டரியைக் கழற்ற மறந்துவிடுகிறார்கள். டிஸ்க் மாற்றும்போது பேடிலில் கை பட்டால் அது ஓடும். நீண்ட வெட்டுகளில் பேட்டரி சீக்கிரம் இறங்குவதும் உண்மை.

எங்கள் தேர்வு 125 மி.மீ., பேடில், பிரேக், நெம்பு மூடி. எடை 100 மி.மீ. மெஷினைவிட அரை கிலோவுக்கு மேல் கூடும், உடம்பும் தடிமன். கை சிறியவர்கள் கடையில் ஒருமுறை பிடித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். முழுப் பிடி கிடைக்காத மெஷின் எவ்வளவு வசதி இருந்தாலும் ஆபத்துதான். அவர்களுக்கு 100 மி.மீ.யிலேயே பேடில் வைத்த மாடல் தேடுங்கள். ஸ்லைடு மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போடத் தேவையில்லை: அறுக்கும் மூடி வாங்கி மாட்டுங்கள், பிளக் செருகும் முன் சுவிட்சைப் பாருங்கள், அணைத்த பிறகு டிஸ்க் முழுதாக நிற்கும்வரை கையிலேயே வைத்திருங்கள். மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அணையும் டிரிப் சுவிட்ச் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளில் இருந்து முழுதும் பிரித்துவிடுங்கள்; சுற்றியபடியே ஓட்டினால் உள்சுற்று சூடாகி உருகும்.

பழைய மெஷின் வாங்குகிறவர்கள் முதலில் மூடியும் பக்கக் கைப்பிடியும் கேளுங்கள். இல்லை என்றால் அதுவரை எப்படி ஓடியது என்று புரிந்துவிடும். டிஸ்க் இல்லாமல் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. ஒயர் உடம்புக்குள் நுழைகிற ரப்பர் உறை வெடித்திருக்கிறதா, சுவிட்ச் தானாகத் திரும்புகிறதா பாருங்கள். ஓட்டும்போது காற்றுத் துளைகள் வழியே நீலப் பொறி வட்டமாகச் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். 5 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். மாற்றியும் பொறி அடங்கவில்லை என்றால் மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சர் போயிருக்கிறது, வாங்காதீர்கள்.